கூட்டுக்குள் தலையை விடாமல் ஒரு கூகைக் குடும்பத்தைக் கவனிப்பது எப்படி: முட்டை முதல் குஞ்சு பறக்கும் வரை

கூகை என்னும் வெண்முக ஆந்தை கூடு கட்டுகிற பறவை இல்லை. கோபுரத்தின் மேல்நிலை, ஓடாத அரிசி ஆலையின் பரண், பாழடைந்த ஓட்டு வீடு, கிணற்றுச் சுவரின் பொந்து, மொட்டைப் பனையின் உச்சி என்று இருட்டாக, மழை படாமல், ஆள் ஏறாமல் ஒரு மூலை கிடைத்தால் அங்கே வெறுந்தரையிலேயே முட்டையிடும். தானே கக்கிப் போட்ட எலிமயிரும் எலும்பும் நாளடைவில் நொறுங்கி மெத்தையாகிவிடும்; அவ்வளவுதான் அதன் வீட்டு வேலை.

இப்படியொரு மூலையைக் கண்டுபிடித்தவர் செய்யும் முதல் தவறு, கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது. முட்டையிடும் நாட்களிலும் அடைகாப்பின் தொடக்கத்திலும் தாயைக் கிளப்பிவிட்டால் அது கூட்டையே கைவிடக்கூடும். குஞ்சுகள் பெரிதான பிறகு ஏறினால் அவை மிரண்டு விளிம்புக்கு நகர்ந்து கீழே விழும். ஏற வேண்டிய தேவையே இல்லை. குஞ்சு எந்த வயதில் இருக்கிறது, என்ன தின்கிறது, வயிறு நிறைகிறதா என்பதையெல்லாம் கீழே உட்கார்ந்து காதாலும் எச்சத்தாலும் எண்ணிக்கையாலும் கண்டுபிடிக்கலாம். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பிரியும் வரை ஏறக்குறைய நான்கு மாத வேலை.

முதலில், கூகைதானா?

நெஞ்சும் வயிறும் வெளுப்பு, முதுகு பொன்னும் சாம்பலும் கலந்த நிறம், இதய வடிவில் வெள்ளை முகம், கறுத்த கண்கள், தலையில் கொம்பு கிடையாது, நீளம் சுமார் 35 செ.மீ. இவ்வளவும் பொருந்தினால் கூகை. வீட்டு ஓட்டிடுக்கிலும் மரப்பொந்திலும் மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டு குனிந்து நிமிரும் சின்ன ஆந்தை புள்ளி ஆந்தை. அது 21 செ.மீ. அளவுதான். கொம்புபோல் இறகு தூக்கி நின்றால் கொம்பன் ஆந்தை அல்லது மீன் ஆந்தை. ஊருக்கு ஊர் கோட்டான், சாக்குருவி என்று பெயர்கள் மாறி மாறி வழங்குவதால் யாராவது பெயர் சொன்னால் அதை மட்டும் நம்பிக் குறிப்பு எழுதாதீர்கள், முகத்தைக் கேளுங்கள். அறிவியல் பட்டியல்களிலும் பெயர் நகர்ந்திருக்கிறது. முன்பு டைட்டோ ஆல்பா என்று எழுதப்பட்ட நம் கூகையை இப்போது பலரும் கீழைக் கூகை, டைட்டோ ஜாவானிக்கா என்று எழுதுகிறார்கள்.

குரல் இன்னும் உறுதியான அடையாளம். கூகை "கூ" என்று கூவுவதே இல்லை. பறந்தபடி கரகரவென்று இரண்டு நொடி அலறும். கூட்டிலிருந்து வருவது குறட்டைபோல நீண்ட "ஸ்ஸ்ஸ்ர்ர்". பரணில் நாகம் சீறுகிறது, பேய் மூச்சுவிடுகிறது என்று பூட்டிய வீடுகளில் பாதி கூகை வீடுகள்தான். 2017-இல் விசாகப்பட்டினத்தில் கட்டுமானம் நடந்த கட்டடம் ஒன்றில் வேற்றுக்கிரக உயிர்கள் என்று வீடியோ பரவியதே, அந்த மூன்றும் கூகைக் குஞ்சுகள்.

குடியிருக்கிறதா, வந்து போகிறதா

பகலில் போய் வாசலுக்கு நேர் கீழே பாருங்கள். சுவரில் சுண்ணாம்பு ஒழுகியதுபோல் வெள்ளை எச்சக் கோடுகள் இருக்கும். தரையில் கூகை கக்கிய, கட்டைவிரல் பருமனில் 3 முதல் 7 செ.மீ. நீள உருண்டைகள் கிடக்கும். புதிய உருண்டை கறுத்து, வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும். சில நாளில் சாம்பல் பூத்து உதிரும். பளபளப்பு இருந்தால் நேற்றோ முந்தாநாளோ பறவை அங்கே இருந்திருக்கிறது. வௌவால் எச்சம் சிறுத்து, நசுக்கினால் பூச்சித் துகளாக உதிரும். உருண்டையைப் பிய்த்தால் எலும்பு வரும். குழம்ப வேண்டியதில்லை.

கோயிலானால் குருக்களிடமோ இரவுக் காவலரிடமோ முதலில் பேசுங்கள். "அண்ணே, ராத்திரி மேல இருந்து சீறுற மாதிரி சத்தம் எப்பலேர்ந்து வருது?" என்ற ஒரு கேள்வி பல வாரக் கவனிப்புக்குச் சமம். அவர் சொல்லும் நாளிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்கும். அவருக்குத் தெரியாமல் இரவில் சுற்றினால் உங்களையும் விரட்டுவார், கூகையையும் விரட்டுவார்.

இடத்தை வெளியில் சொல்ல வேண்டாம். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கும் கூட்டம் இந்தியாவெங்கும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும், முட்டை, குஞ்சு எடுப்பதும் குற்றம். ஆனால் சட்டம் கோபுரத்தடியில் காவல் நிற்காது. கைபேசி கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். கோபுரத்தின் முழு உருவமும் தெரியும் படத்தைக் குஞ்சுகள் பறந்து போகும்வரை எங்கும் போடாதீர்கள்.

உட்காரும் இடமும் கையில் இருக்க வேண்டியவையும்

வாசல் நேராகத் தெரியும்படி, 40 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், முதுகுக்குச் சுவரோ மரமோ இருக்கும் இடம் நல்லது. பின்னால் வானம் இருந்தால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். மாறாக, பறவை வரும் பாதை வானத்தை ஒட்டி இருந்தால் இருட்டிய பிறகும் அரைமணி நேரம் பறவையின் உருவம் பிடிபடும். எனவே கிழக்கில் உட்கார்ந்து மேற்கு வானத்தைப் பார்ப்பது மாலைக்கு வாகு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வேண்டாம்.

8×42 பைனாகுலர் போதும். 10 மடங்குக்கு மேல் போனால் மங்கலான ஒளியில் பயனில்லை, கையும் நடுங்கும். விளக்குக்குச் சிவப்பு செலஃபன் தாளை மூன்று மடிப்பாகச் சுற்றி, நோட்டில் மட்டும் அடியுங்கள், வாசலில் வேண்டாம். ஃபிளாஷ் அறவே கூடாது. கூகைக் குரலை ஒலிபரப்பி வரவழைப்பதும் கூடாது. வேறொரு கூகை எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று ஆண் வேட்டையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், அன்று குஞ்சுக்குச் சாப்பாடு குறையும். வயல் வரப்பில் நடக்க மூடிய ஷூ, தடி, நடைபாதைக்குத் தனி டார்ச் கட்டாயம். எலி இருக்கும் இடத்தில்தான் கூகை இருக்கும், அதே இடத்தில்தான் விரியனும் இருக்கும்.

சூரியன் மறைவதற்கு அரைமணி முன் போய் அமருங்கள். பறவை வெளிவந்த பிறகு நீங்கள் போய்ச் சேர்ந்தால் அது உங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மரத்தில் நின்றுவிடும். எலி வாயில் தொங்க, நீங்கள் எழுந்து போகும்வரை கூட்டுக்கு வராது. பறவை இரையோடு பதினைந்து நிமிடம் சும்மா நின்றால் தவறு உங்களுடையது. மெல்லப் பின்வாங்கி அடுத்த நாள் இன்னும் 20 மீட்டர் தள்ளி உட்காருங்கள்.

நாள் கணக்கு

நம் ஊரில் கூகைக்கு இதுதான் மாதம் என்று கட்டாயம் இல்லை. எலி பெருத்த காலம் எதுவோ அதுவே பருவம். டெல்டாவில் சம்பா அறுப்பை ஒட்டி எலி வெட்டவெளிக்கு வரும் மாதங்களை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முட்டைகள் வழக்கமாக 4 முதல் 7. ஒரே நாளில் இடாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. முதல் முட்டை விழுந்ததுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 31 நாள். ஆக, ஜனவரி 10-இல் முதல் முட்டை, மொத்தம் ஐந்து என்றால், கடைசி முட்டை ஜனவரி 20-ஐ ஒட்டி. மூத்த குஞ்சு பொரிப்பது பிப்ரவரி 10, கடைக்குட்டி பிப்ரவரி 20. எட்டு வாரத்தில் பறக்கும் என்பதால் மூத்தது ஏப்ரல் 7 வாக்கில், கடைக்குட்டி 17 வாக்கில் முதல் முறையாகச் சிறகடிக்கும். அதன்பின் நான்கைந்து வாரம் பெற்றோர் ஊட்டும். மே நடுவில் வீடு காலி.

பத்து நாள் வயது வித்தியாசம்தான் இந்தக் குடும்பத்தின் விதியை முடிவு செய்கிறது. மூத்தது முழு எலியை விழுங்கும்போது கடைசிக் குஞ்சுக்குக் கண்கூடத் திறந்திருக்காது. இரை தட்டினால் கடைசியில் பிறந்தவை வரிசையாகச் சாகும். செத்ததை மற்றவை தின்றுவிடுவதும் உண்டு. கொடூரம் என்று தோன்றலாம், ஆனால் எலி எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத பறவைக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை.

முட்டைக்கு முன்னும் அடைகாப்பிலும்

சேர்க்கைக் காலத்தில் ஆண் வாசலைச் சுற்றி அலறிக்கொண்டே வட்டமடிக்கும், பெண்ணை விரட்டிப் பறக்கும், எலி கொண்டுவந்து ஊட்டும். பிறகு சத்தம் அடங்கும். பெண் மாலையில் வெளிவருவது குறைந்து, வந்தாலும் சில நிமிடம் வெளியே போய் எச்சமிட்டு, சிறகை உதறிவிட்டுத் திரும்பினால் முட்டை இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து வேட்டை முழுக்க ஆணின் பொறுப்பு. பெண் வயிற்றுப்பக்கம் சற்றுப் பழுப்பும் கூடுதல் கரும்புள்ளியும் கொண்டது, ஆண் வெளுப்பு என்பார்கள்; தனித்தனியே பார்த்தால் ஏமாறுவோம். யார் உள்ளே தங்குகிறது, யார் இரை கொண்டுவருகிறது என்ற நடத்தைதான் நம்பகமானது.

இந்த நாட்களில் வாரம் ஒரு மாலைக்குமேல் போக வேண்டாம். பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஒரு பொறி: உள்ளிருந்து குறட்டைச் சத்தம் கேட்டதும் குஞ்சு பொரித்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். பெண்ணும் ஆணிடம் இரை கேட்க அதே குறட்டையைத்தான் விடும். ஒரே இடத்திலிருந்து ஒற்றைக் குரல் விட்டுவிட்டு வந்தால் அது தாய். பொரித்த குஞ்சின் குரல் வேறு. மெல்லிய, விரைந்த கிசுகிசுப்பு. அது 40 மீட்டருக்குப் பெரும்பாலும் எட்டாது. ஆகவே பொரிப்பைக் காதால் பிடிக்க முயலாமல் ஆணின் வருகையால் பிடியுங்கள். முன்பு மாலையில் ஒன்றிரண்டு முறை வந்தது சட்டென்று இரட்டிப்பானால் அந்த வாரத்தில் பொரிப்பு நடந்திருக்கிறது.

குஞ்சின் வயதை அறிய

முதல் பத்து நாள் குஞ்சு உங்கள் கண்ணில் படாது. இளஞ்சிவப்புத் தோல், அங்கங்கே வெண்பஞ்சு, மூடிய கண், தாயின் வயிற்றுக்கு அடியில். தாய் எலியைக் கிழித்துச் சிறு துண்டாக ஊட்டும். இரண்டு வாரம் ஆகும்போது கண் திறந்திருக்கும், முதல் பஞ்சு போய் அடர்ந்த இரண்டாம் பஞ்சு முளைக்கும்.

மூன்றாம் வாரத்தில் இரண்டு மாற்றங்கள் கீழே இருந்தே தெரியும். குறட்டை பல தொண்டையிலிருந்து வரத் தொடங்கும். ஒன்று நிற்கும் முன் மற்றொன்று எடுக்கும். இன்னொன்று, முதல் முறையாக இரண்டு பெரிய பறவைகளும் ஒரே மணிநேரத்துக்குள் வெளியே போகும். தாயும் வேட்டைக்கு இறங்கிவிட்டது, மூத்த குஞ்சு சிறிய எலியைத் தானே விழுங்குகிறது என்று பொருள்.

ஐந்தாம் வாரத்தில் இதய முகம் தெளிவாகும். ஆறாம் வாரத்தில் குஞ்சு தாயைவிடக் கனமாக இருக்கும். உள்ளே சிறகடித்துப் பழகும்போது வாசலிலிருந்து பஞ்சும் தூசியும் புகைபோல் வெளியே பறக்கும். மாலை ஒளியில் அதைப் பார்த்தால் தேதியைக் குறியுங்கள், பறப்புக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம். ஏழாம் வாரத்தில் வாசல் விளிம்புக்கு நடந்து வரும். அடிவயிற்றிலும் காலிலும் மட்டும் பஞ்சு மிச்சமிருக்கும். எண்ணிக்கையை உறுதி செய்ய இதுவே சரியான வாரம். ஆனால் ஒரு தடவை எண்ணி முடிக்காதீர்கள்; மூன்று மாலை எண்ணி, அவற்றில் பெரிய எண்ணை எடுங்கள். உள்ளே ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்.

குரலைக் கவனிப்பவர்களுக்கு ஒரு கொசுறு. ஐரோப்பியக் கூகைகளை ஆராய்ந்த லூசான் பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் ரூலன் குழு, பெற்றோர் இல்லாத நேரத்திலும் குஞ்சுகள் கத்துவது தமக்குள் நடக்கும் பேரம் என்று காட்டியது. மிகப் பசித்தது அதிகம் கத்தும். மற்றவை அடங்கி, அடுத்த எலியை அதற்கு விட்டுக்கொடுக்கும். கூட்டில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவா, ஒன்றே ஓங்கி ஒலிக்கிறதா என்று குறித்து வைத்தால் உங்கள் நோட்டும் சுவையாக இருக்கும்.

இரை எண்ணுதல்

அந்தி சாய்ந்து முதல் இரண்டு மணிநேரமும் விடியலுக்கு முந்தைய நேரமும் வரத்து அதிகம். முழு இரவு விழிப்பதைவிட, வாரம் இரண்டு நாள், ஒரே இரண்டு மணிநேரம் என்று நிலையாக எடுப்பது ஒப்பிட உதவும். நோட்டில் நேரம், வந்த திசை, வந்தது யார், இரையின் அளவு, நிலவு, மழை என ஆறு பத்திகள் போதும்.

கூகை பெரும்பாலும் எலியைக் காலில் பற்றி வந்து, வாசலில் அமர்ந்து, தலையைக் குனிந்து அலகுக்கு மாற்றிக்கொண்டு நுழையும். அந்த இரண்டு மூன்று நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும். வால் தொங்கும் நீளத்தைப் பாருங்கள். கூகையின் முகத்துக்குள் அடங்கினால் சுண்டெலி, நெஞ்சுக்குக் கீழே தொங்கினால் வயல் எலி. சுண்டெலி நான்கும் வயல் எலி ஒன்றும் வயிற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே என்பதால், வெறும் வருகையை மட்டும் எண்ணினால் கணக்கு பிழைக்கும். வருகை குறைந்தது என்று பதறும் முன் இரை பெருத்ததா என்று பாருங்கள். வருகையும் குறைந்து, இரையும் சிறுத்து, குறட்டை நள்ளிரவைத் தாண்டியும் ஓயாவிட்டால்தான் பட்டினி.

மழை கொட்டும் இரவில் கூகை வேட்டையாடாது. சத்தமே இல்லாமல் பறப்பதற்காக அமைந்த மென்மையான இறகு எளிதில் நனைந்துவிடும். மழைச் சத்தத்தில் எலியின் சலசலப்பும் காதில் விழாது. தொடர்ந்து மூன்று இரவு மழை பெய்தால் அடுத்த வாரம் ஒரு குரல் குறைந்திருக்கலாம். காரணத்தை நோட்டின் மழைப் பத்தியில் தேடுங்கள்.

உருண்டையைப் பிரித்தல்

கையுறையும் என்95 முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்த வௌவால், புறா எச்சத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். எலியோடு தொடர்புடைய எதிலும் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. ஆண் பகலில் தங்கும் மரத்தடியோ பக்கத்துக் கட்டடமோ தெரிந்தால் அங்கே பொறுக்குங்கள். கூட்டுக்கு உள்ளே இருப்பது குஞ்சுகளின் மெத்தை.

ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, தேதி எழுதி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, இடுக்கியாலும் பல் குத்தும் குச்சியாலும் மயிரை விலக்குங்கள். கீழ்த்தாடைகளை வலம், இடம் என்று பிரியுங்கள். வலது 7, இடது 5 கிடைத்தால் குறைந்தது ஏழு விலங்கு. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே அகன்ற இடைவெளி, முன்பல்லில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பூச்சு என்றால் எலி இனம். ஒடுங்கி நீண்ட மண்டையில் பல் இடைவிடாமல் வெள்ளையாக வரிசை கட்டி, கன்ன எலும்பு வளைவு இல்லாமல் இருந்தால் மூஞ்சூறு. மூஞ்சூறு திடீரென்று கூடினால் வயலில் எலி குறைந்து, கூகை வீடுகளின் பக்கம் வேட்டையாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த நிலத்தில் பெட்டி வைப்பவர்களுக்கு

12 மி.மீ. பிளைவுட்டில் தரை 80×50 செ.மீ., வாசல் 13 செ.மீ. அகலம், வாசலின் அடி விளிம்பு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில். இந்த 45-ஐ யாரும் குறைக்காதீர்கள். ஆழமில்லாத பெட்டியிலிருந்துதான் நாலு வாரக் குஞ்சுகள் விழுகின்றன. நிலத்திலிருந்து குறைந்தது 4 மீட்டர். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கமும் மேற்கு வெயில் பக்கமும் வாசல் வேண்டாம். கூரையைச் சற்று இடைவெளி விட்டு இரட்டையாகப் போட்டால் ஏப்ரல் வெப்பம் தணியும். கம்பத்தில் மரநாய் ஏறாமல் 90 செ.மீ. உயரத்துக்குத் தகரத்தைச் சுற்றி அடியுங்கள்.

கேமரா வைப்பதானால் பறவை குடிவரும் முன்பே வைக்க வேண்டும். முட்டை இட்ட பிறகு ஆணி அடிக்கக் கூடாது. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குள்ளதைக் கேளுங்கள், 850 வகையில் மங்கிய சிவப்பு ஒளி தெரியும். கடையில் வாங்கும் கேமரா தூரத்துக்குக் குவிக்கப்பட்டிருக்கும், 60 செ.மீ. தூரத்துக் குஞ்சு மங்கலாகவே விழும். லென்ஸைத் திருகி, பெட்டித் தரையில் செய்தித்தாள் விரித்து எழுத்து தெளியும்வரை சரிசெய்த பிறகு மேலே ஏற்றுங்கள். படம் வெளுத்துப்போனால் விளக்கின் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டினால் போதும். பிறகு வரும் தொல்லையெல்லாம் லென்ஸின் குறுக்கே சிலந்தி கட்டும் வலையால்தான்.

கெடுப்பவை

முதல் எதிரி எலி விஷம். புரோமடியலோன் கேக் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு எளிதாகச் சிக்கும். அந்த எலிகளைத் தின்றுவரும் பறவைக்கும் இரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசியும். ஆண் திடீரென்று காணாமல் போய், தாய் மட்டும் ஓடி ஓடி ஊட்டினால் அக்கம்பக்க வயலில் விசாரியுங்கள். பக்கத்து வயல்காரரிடம் பறவை மேல் இரக்கம் பேசுவதைவிட எலிக் கணக்கு பேசுவது வேலைக்கு ஆகும். ஒரு கூகைக் குடும்பம் ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான எலி தின்னும், விஷத்துக்குப் பதில் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி இருக்கிறது.

இரண்டாவது திருப்பணி. குடமுழுக்குக்குச் சாரம் கட்டி, வர்ணம் அடித்து, புறா வராமல் வலை அடிப்பார்கள். உள்ளே குஞ்சு இருப்பது யாருக்கும் தெரியாது. உங்கள் நோட்டில் பறக்கும் தேதி இருந்தால், அந்த ஒரு நிலையை மட்டும் இன்ன தேதிவரை விட்டுவிடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்க முடியும். தேதியில்லாத வேண்டுகோளை எந்த மேஸ்திரியும் கேட்க மாட்டார்.

கீழே விழுந்த குஞ்சைப் பெற்றோர் தேடிவந்து ஊட்டாது. அப்படியே விட்டால் பட்டினியில் சாகும். பகலென்றால் அதற்கு முன் காக்கை கொத்திவிடும், பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்ற பழைய வாக்கு சும்மா சொன்னதில்லை. தடித்த துணியால் மூடித் தூக்கி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். பால், சோறு, ரொட்டி, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். காயமில்லாவிட்டால் அவர்கள் துணையோடு அன்று மாலையே கூட்டில் திரும்ப வைப்பதுதான் சிறந்தது. மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

பறந்த பிறகு

முதல் பறப்பு அழகாக இருக்காது. பக்கத்துச் சுவரில் மோதித் தொங்கி, தட்டுத் தடுமாறி ஏறும். முதல் பத்து நாளும் பகல் பொழுதுக்கு எல்லாம் பழைய மூலைக்கே திரும்பும். குறட்டை மட்டும் இப்போது பக்கத்து மரம், மதில், மின்கம்பம் என்று இடம் மாறும். ஒவ்வொரு மாலையும் எத்தனை திசையிலிருந்து கேட்கிறது என்று குறியுங்கள்.

எல்லாத் திசையும் அடங்கி இரண்டு வாரம் ஆன பிறகு ஒரே ஒரு சோதனை. மாலையில் உட்கார்ந்து, உள்ளிருந்து ஒற்றைக் குறட்டை வருகிறதா என்று மூன்று நாள் கேளுங்கள். எலி மிகுந்த ஆண்டில் பெண் அதே மூலையில் அடுத்த ஈட்டு முட்டைகளை இடத் தொடங்கிவிடும். கேட்டால் நோட்டில் புதிய பக்கம் திருப்புங்கள், மேலே போகாதீர்கள். கேட்கவில்லையென்றால், அனுமதி வாங்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பகலில் இப்போது ஏறலாம். பொரியாத முட்டை இருந்தால் எண்ணுங்கள், எடுக்காதீர்கள். கோழி முட்டையைவிடச் சிறியது, வெள்ளை, 40 மி.மீ. அளவு. மெத்தையைக் கிளறினால் எலி எலும்புகளுக்கு நடுவே வளைந்த நகமோ கொக்கி அலகோ தட்டுப்படலாம். மார்ச்சில் ஒரு மழை வாரத்துக்குப் பின் நோட்டில் குறைந்துபோன குரல் அதுதான்.